என் இரத்தத்தில் இல்லாத அம்மாள்

அந்தப் பள்ளிக்கூட விறாந்தையில், வேப்பிலை பரப்பிய பாயில் படுத்திருந்தது நானா, அக்காவா?

சென்ற ஆண்டு இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோதுதான் இந்தக் கேள்வி எனக்குள் வந்தது. அதுவரை அது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

மூத்தவளுக்கு அப்போது நான்கு வயது. முன்பள்ளியால் வந்தவளைக் கிணற்றடியில் குளிப்பாட்டும்போது முதுகில் நீர் கட்டிய கொப்புளம் ஒன்றைக் கண்டேன். பொழுதுபடுவதற்குள் வயிற்றிலும் காதுக்குப் பின்னாலும் வந்துவிட்டன. வேறு சில பிள்ளைகளுக்கும் கொப்புளிப்பான் அம்மை என்று முன்பள்ளி ஆசிரியை தொலைபேசியில் சொன்னார். பயப்படுவதற்கு எப்போதும் ஏதாவது தேடித் திரிகிறவள் நான். அன்று மட்டும் பயப்படவில்லை. சின்ன வயதில் எனக்கு அது வந்து போய்விட்டது என்று அம்மா சொல்லக் கேட்டே வளர்ந்தவள். ஒரு தடவை வந்தால் உடம்பில் பிறபொருளெதிரி உண்டாகிக் காக்கும் என்று உயர்தரத்தில் படித்து, பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். அன்றும் மகளை அணைத்துக்கொண்டுதான் படுத்தேன்.

அடுத்த நாள் எனக்குக் கிளினிக். மகளுக்கு வருத்தம் என்றதும் டொக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்கு முந்தி வந்ததோ?"

"ஓம் டொக்டர், சின்னனிலை வந்தது."

"ஆர் பாத்துச் சொன்னது? ஆஸ்பத்திரியிலை காட்டினவையோ?"

"இல்லை. அம்மாள் எண்டு வேப்பிலை போட்டு வைச்சுப் பாத்தவை."

அவர் பேனையை மேசையில் வைத்தார். "எங்கடை ஆக்களுக்கு எல்லாம் அம்மாள்தான். கொப்புளிப்பானும் அம்மாள், சின்னமுத்தும் அம்மாள். சில பேருக்கு வேர்க்குருவும் அம்மாள். உங்களுக்கு வந்தது எந்த அம்மாள்?"

எனக்குத் தெரியவில்லை. புருவத்துக்கு மேலே இருக்கும் சின்னப் பள்ளத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, தழும்பை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது என்றார். அந்த இடத்தில் கல் குத்தியது என்று அம்மா ஒரு காலத்தில் சொன்னதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கர்ப்பத்தில் முதல் தடவையாக அது வந்தால் தாய்க்கும் கடுமையாகலாம், வயிற்றுப் பிள்ளையையும் தாக்கலாம் என்று அவர் விளக்கினார். இரத்தத்தில் பிறபொருளெதிரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் பயமில்லை. பெறுபேறு வரும்வரை மகளுக்குக் கிட்டப் போகக்கூடாது.

நல்லூரில் ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்துவிட்டு வந்து முன்னறையில் என்னை நானே பூட்டிக்கொண்டேன். பெறுபேற்றை எடுக்கக் கணவர் போனார். சைக்கிளை நிறுத்தவும் பொறுக்காமல் படலையடியிலிருந்தே சத்தமிட்டார்.

"நெகட்டிவ்! நெகட்டிவாம்! நீர் இனி ஒண்டுக்கும் யோசியாதையும்."

கொரோனாக் காலத்துக்குப் பிறகு எங்கள் எல்லோருக்கும் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். கடதாசியைக் கொடுத்த பெண்பிள்ளையும் சிரித்துக்கொண்டே, "நெகட்டிவ் அண்ணை, ஒண்டுமில்லை" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"எனக்கு அது ரத்தத்திலை இருக்கவேணும்," என்று அவரிடம் சொன்னேன். "இல்லாட்டித்தான் பயம்."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கியதை யன்னல் கம்பிக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டொக்டர் குளிசை எழுதித் தந்தார். எந்த நாளில் தொடங்க வேண்டும் என்பதையும் சொன்னார். அது வராமல் தடுக்கலாம், அல்லது வந்தாலும் குறைவாக வரலாம். உடம்பில் ஒரு கொப்புளம் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரியில் வந்து படுக்கவேண்டும். மகளைப் பார்ப்பதற்குக் கரவெட்டியிலிருந்து அம்மா வந்தார். வந்ததும் முற்றத்து வேம்பில் கொத்து முறித்தார். வீட்டில் தாளிப்பு நின்றது, இறைச்சி மீன் நின்றது. கதவுக்கு வெளியே நின்றபடி என்னை ஏசவும் தொடங்கினார்.

"உனக்கு வரேல்லை எண்டு எந்தக் கடதாசி சொன்னது? பக்கத்திலை இருந்தது நான். உந்தக் கடதாசி எழுதினது அப்ப பிறந்துமிருக்காது."

"அம்மா, கடதாசி சொல்லேல்லை. என்ரை ரத்தம் சொல்லுது."

"உன்ரை ரத்தமோ? அந்த ரத்தத்தைத் தந்தது ஆர்? மற்றதை மாமி வீட்டை அனுப்பிப்போட்டு, உன்னைத்தான் மடியிலை போட்டு வைச்சிருந்தனான். எனக்குத் தெரியாதோ?"

மற்றது. அம்மா அக்காவைப் பற்றி அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்வதில்லை.

அக்கா என்னைவிட ஒரு வயது மூத்தவள். சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருந்தபோது அவளுக்கு ஐந்து வயது, எனக்கு நான்கு. ஊருக்குத் திரும்பிய அடுத்த ஆண்டு மலேரியாக் காய்ச்சலில் போய்விட்டாள். அதன் பிறகு அம்மா அவளுடைய பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு சின்னப் பிள்ளை செய்த குழப்படி, சொன்ன பகிடி, பட்ட காயம் என்று அம்மா சொல்லும் எல்லாக் கதைகளிலும் வருவது நான்தான். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. அந்த முன்னறையில் இருந்தபோதுதான், ஒரு பிள்ளை இத்தனை கதைக்கு எப்படிப் போதும் என்று யோசித்தேன்.

மகள் சொறியாதிருக்க அம்மா அவளுடைய கைகளைப் பழைய சீலைத்துணியால் சுற்றிக் கட்டியிருந்தார். ஒரு மத்தியானம் அம்மா அடுப்படியில் நின்ற நேரம், மகள் பாயை விட்டெழுந்து என் கதவடிக்கு வந்துவிட்டாள். துணி சுற்றிய கைகளால் தட்டினாள். சத்தம் மெத்தென்று வந்தது.

"அம்மா, திறவுங்கோ. நான் தொடமாட்டன். பாக்க மட்டும்."

நான் திறக்கவில்லை. உள்ளேயிருந்து கதவில் கையை வைத்துக்கொண்டு, "தண்ணி வார்த்த உடனை அம்மா வருவன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கொப்புளம் ஆறி முழுக வார்க்கும் நாளைத்தான் அப்படிச் சொல்வோம். அவளுக்கு அது விளங்கவில்லை. அம்மா வந்து தூக்கிக்கொண்டு போகும்வரை தட்டிக்கொண்டே நின்றாள்.

துணி சுற்றிய கைகள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. பள்ளிக்கூட விறாந்தை, மேசைகளை அடுக்கி மறைத்த மூலை, வேப்பிலை வாசம், வெள்ளைத் துணிப் பொட்டலங்களாய் இரண்டு கைகள். அவை என் கைகளென்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். ஆனால் யாரோ ஒருவருடைய வீட்டுக் கோழிக்கூட்டடியில் நின்று, "அம்மாட்டைப் போகப் போறன்" என்று கத்தியதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அம்மா ஒருத்தியைத்தான் வைத்திருந்தார், ஒருத்தியைத்தான் மாமி வீட்டுக்கு அனுப்பினார். இரண்டும் நானாக இருக்க முடியாது.

பிறகு காத்திருந்த நாட்களில் நுளம்பு கடித்த தடிப்பெல்லாம் எனக்குக் கொப்புளமாகவே தெரிந்தது. வயிற்றில் பிள்ளை அசையாவிட்டால் அழுதேன், அதிகம் அசைந்தாலும் அழுதேன். டொக்டர் சொன்ன காலம் முடிந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை. மகன் பிறந்தான். கையையும் காலையும் கண்ணையும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள்; ஒரு குறையும் இல்லை. அம்மா வெற்றிபெற்றவர்போல் என்னைப் பார்த்தார்.

"இப்ப என்ன சொல்லுது உன்ரை ரத்தம்?"

மகளோடு ஒரே பாயில் படுத்தும் எனக்கு அது வரவில்லை. அம்மா சொல்வதுதான் சரியாக இருக்குமா? டொக்டரிடம் கேட்டேன். குளிசை தடுத்திருக்கலாம் என்றார். பழைய எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருந்தும், அளவு குறைந்ததால் பரிசோதனையில் பிடிபடாமல் போயிருக்கலாம் என்றார். சில பேருக்குப் பக்கத்தில் படுத்தாலும் தொற்றாமல் விடுவதுண்டு என்றும் சொன்னார். பிறகு, "இனி ஏன் உதைக் கிண்டுறியள்? தடுப்பூசியைப் போடுங்கோ. முந்தி வந்திருந்தாலும் ஊசியாலை ஒரு கெடுதியும் இல்லை. பால் குடுக்கலாம்" என்றார்.

அவர் சொன்னது சரி. என் மகளுக்கும் மகனுக்கும் தாயாக நான் செய்யவேண்டியது அதுதான். ஆனால் ஊசி ஏறிய பிறகு என் இரத்தத்தில் பிறபொருளெதிரி இருக்கும். அது அம்மாளால் வந்ததா, ஊசியால் வந்ததா என்று எந்த ஆய்வுகூடத்தாலும் எனக்குப் பிரித்துச் சொல்ல முடியாது. இனிமேல் எவர் சோதித்தாலும் அம்மா சொன்னதையே என் இரத்தமும் சொல்லும். அக்காவுக்கென்று மிஞ்சியிருக்கக்கூடிய ஒரேயொரு கதையும் அதோடு முழுதாக என்னுடையதாகிவிடும்.

கணவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மகனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "திருப்பிச் சோதிச்சு, இருக்கு எண்டு வந்தா அம்மா சொன்னது சரி எண்டு நிம்மதியா இருப்பீர். இல்லை எண்டே வந்தா என்ன செய்வீர்? அம்மாட்டைப் போய்ச் சொல்லுவீரோ?" என்று கேட்டார்.

ஊசிக்கு நாள் குறித்துத் தந்திருக்கிறார்கள். கட்டாயம் போவேன். அதற்கு முன் இன்னொரு தடவை இரத்தம் சோதிப்பதா, வேண்டாமா என்பதில்தான் நிற்கிறேன். அம்மாவுக்கு இப்போது வயது போகிறது. தன் மடியில் கிடந்த பிள்ளை எதுவென்று அவர் மாறி நினைத்திருந்தால் அதை அவருக்குத் தெரியப்படுத்துவது சரியா? அல்லது அவருக்கு அது தெரிந்தே இருக்கிறதா? பிள்ளையை இழந்த தாய்மார் இதை வாசித்தால், அல்லது இறந்த சகோதரியின் இடத்தையும் சேர்த்து நிரப்பி வளர்ந்தவர்கள் யாரும் இருந்தால், நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். கேட்காமல் விடுவதுதான் நல்லது என்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.