பெல்ட் இல்லாதவனுக்கு வில் இல்லை

மரத்துப் பரணில் வில்லோடு உட்கார்ந்திருப்பவனுக்குக் காட்டுப்பன்றியால் வருகிற ஆபத்து குறைவு. தன் வில்லாலும் தன் மரத்தாலும் வருவதுதான் அதிகம். இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. 2004 முதல் எட்டு வருஷம் கடலூர் செம்மண்டலத்தில் விசைவில் செய்து விற்றவன் நான்.

அதற்கு முன் ஒரு ஆலையில் பதினாறு வருஷம் வேலை. எட்டாவது வரைக்கும் பள்ளிக்கூடத்தில் படித்தேன். மிச்சத்தைத் துண்டறிக்கைகளில் படித்தேன். உயரத்தில் ஏறுகிற தொழிலாளிக்கு இடுப்பு பெல்ட் வேண்டும் என்று கேட்டு முப்பது பேர் வேலைநிறுத்தம் செய்தோம். பெல்ட் வரவில்லை. எனக்கு வேலைநீக்க உத்தரவு வந்தது. மற்ற இருபத்தொன்பது பேரும் மறுநாள் காலை ஷிப்டுக்குப் போய்விட்டார்கள். பிறகுதான் லேத் வேலை தெரிந்த காதர் பாயோடு சேர்ந்து பட்டறை போட்டேன். தேக்குத் தண்டு, மெல்லிய ஸ்பிரிங் பட்டையில் வில், கிளட்ச் கேபிளில் நாண், சைக்கிள் பிரேக் பிடியில் விசை. சுடுவது காயவைத்த களிமண் உருண்டை. பன்றியைக் கொன்றால் கேஸ். அதன் பின்பக்கத்தில் ஒன்று வைத்தால் அது அடுத்த ஊர் மக்காச்சோளத்துக்குப் போய்விடும். எங்கள் தொழில் தர்மம் அவ்வளவுதான். நல்லதைச் சொல்லப்போய் ஊர் சிரிக்க நின்ற தோழர்களே, மேலே படியுங்கள். உங்கள் கதையும் இதில் இருக்கும்.

சும்மா ஒரு சத்தம்

வாங்கிப் போன இரண்டே வாரத்தில் ஒருவர் வில்லை இரண்டு துண்டாகக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். "இதுதான் உங்க கேரண்டியா?" என்றார். பட்டை நடுவில் முறிந்திருந்தது. நாணும் பிரிந்து, கேபிள் இழைகள் பூனை மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன. பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. "உருண்டை வைக்காம விசையைத் தட்டினீங்களா?" என்று கேட்டேன். "உருண்டை தீந்துபோச்சு. சும்மா சத்தம் காட்டலாம்னு ஒரு பத்து வாட்டி தட்டினேன்" என்றார்.

உருண்டையைத் தள்ளவேண்டிய வேகம், உருண்டை இல்லாதபோது வில்லுக்கே திரும்பி வரும், எந்த இரும்பும் அதைத் தாங்காது என்று விளக்கினேன். கோரிக்கை இல்லாமல் கூட்டம் கூட்டினால் அது கூட்டியவன் தலையிலேயே விடியும் என்று உதாரணமும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் சரிண்ணே. உள்ள உருண்டை இல்லன்னு பன்னிக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

கட்டைவிரல்

விசைவில்லைப் பிடிக்கும்போது இடது கையின் கட்டைவிரல் தண்டுக்குக் கீழே இருக்கவேண்டும். மேலே எட்டிப்பார்த்தால் நாண் வந்து விரலைச் சீவிவிடும். இதை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த காதர் பாயே ஒரு நாள் பேச்சு சுவாரசியத்தில் விரலை மேலே வைத்துச் சோதித்துப் பார்த்தார். நகம் போனது. நல்லவேளை, எலும்பு தப்பியது.

அவருக்குக் கட்டுப் போட்டு அழைத்துவந்த கையோடு நான் காகிதத்தை எடுத்துவிட்டேன். 'வில்லேந்தும் தோழர்களே, விரலைக் காப்பீர்!' என்று தலைப்பு. எட்டுப் பத்தி. சிதம்பரத்தில் தெரிந்த அச்சகத்தில் ஆயிரம் பிரதி அடிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். பாய் கட்டுப் போட்ட விரலைத் தூக்கிக் காட்டினார். "மச்சான், உன் நோட்டீசைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள மிச்ச ஒம்பது விரலும் போயிடும். பேசாம தண்டு ஓரத்துல ஒரு தகடு வச்சு மறைச்சுடு."

ஏணியில் ஏறிய வில்

பெண்ணாடத்துக்குப் பக்கத்தில் கலியமூர்த்தி என்பவருக்குப் பெரிய மக்காச்சோளக் கொல்லை. ஓரத்தில் மூன்று புளியமரம். மரத்துக்கு ஒரு பரண். பரணுக்கு ஒரு காவல்காரர். அதில் மூத்தவர் சவரிமுத்து. போன பருவத்தில் பரணிலிருந்து விழுந்து, இடது காலைச் சற்றுச் சாய்த்து நடப்பவர். ஒரே மகள் கடலூரில் நர்சிங் படிக்கிறாள். அந்தப் படிப்பு முழுக்க இவர் ஏறி இறங்குகிற ஏணியில்தான் நின்றது. இன்னொரு முறை விழுந்தால் அவ்வளவுதான் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அவருக்கும் அது தெரியும்.

அந்த மனிதர் ஒரு சாயங்காலம், நாணை இழுத்து உருண்டையும் வைத்த வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறியிருக்கிறார். கிளை விசையில் பட்டது. உருண்டை கீழே நின்ற கலியமூர்த்தியின் மோட்டார் சைக்கிள் ஹெட்லைட்டுக்குள் போனது. நாண் இழுக்காத, உருண்டை வைக்காத வில்லைக் கீழே வைத்து, மேலே ஏறி உட்கார்ந்து, கயிற்றில் கட்டி இழுக்கவேண்டும் என்று நான் படித்துப் படித்துச் சொன்னது வீண். கலியமூர்த்தி வில்லை என்னிடம் கொண்டுவந்து ஆடித் தீர்த்துவிட்டார். கூடவே வந்த சவரிமுத்து என் காதருகே சொன்னார்: "அண்ணே, குறி மட்டும் சரியாதாண்ணே இருக்குது."

பட்டறைச் சட்டம்

அன்றைக்குத்தான் நான் சட்டம் போட்டேன். பெல்ட் இல்லாதவனுக்கு வில் இல்லை, ரிப்பேரும் இல்லை. சீட் பெல்ட் நாடாவை மடித்துத் தைத்து, வளையம் வைத்து, நைலான் கயிறு மாட்டி நானே தயார் செய்து வைத்தேன். ஏறுகிற ஆளுக்கு ஒன்று. வாங்கிக்கொடுக்கவேண்டியது ஏற்றிவிடுகிற முதலாளி.

கலியமூர்த்தி சிரித்தார். "குரங்கு எந்த பெல்ட்டு கட்டிக்கினு ஏறுது?" என்று கேட்டார். குரங்குக்கு மகளை நர்சிங் படிக்கவைக்கும் கவலை இல்லை என்றேன். அதற்குள் அவருடைய மற்ற இரண்டு வில்லும் வந்து, மூன்றும் என் பட்டறையில் ரிப்பேருக்குக் கிடந்தன. பெல்ட் வாங்காமல் தரமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன்ன அந்த ஆலையில ஏன் வெளிய அனுப்பிச்சாங்கன்னு இவ்ளோ நாளா யோசிச்சிக்கினு இருந்தேன்யா. இப்பதான் தெளிவாச்சு."

செயல்முறை விளக்கம்

சும்மா இருந்திருக்கலாம். 'நேரில் விளக்கிக் காட்டுகிறேன்' என்று பெண்ணாடத்துக்கே பஸ் ஏறிப் போனேன். காவல்காரர்கள் மூவர், கலியமூர்த்தி, வேடிக்கை பார்க்க இன்னும் பத்துப் பேர். எனக்கு அது பொதுக்கூட்டம்தான். பெல்ட் பற்றி எழுதிக் கொண்டுபோன நோட்டீசை ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினேன். பரணில் நின்று, கயிற்றைப் பேசிக்கொண்டே கட்டினேன். உழைப்பவன் உயிரின் மதிப்பு, முதலாளியின் கடமை என்று அரைமணி நேரம். கைதட்டல்கூட வந்தது.

முடிவுரைக்கு வந்தபோது ஏணி ஆடியது. கூடவே என் இடுப்பும் ஆடியது. சவரிமுத்து ஏணியைப் பக்கத்து மரத்துக்கு எடுத்துப் போக அசைத்திருக்கிறார். குனிந்து பார்த்தால், கயிற்றின் மறுமுனை கிளையில் இல்லை. ஏணியின் உச்சிப்படியில், நானே போட்ட உறுதியான முடிச்சோடு இருந்தது. "விடுய்யா, விடு!" என்று கத்தினேன். சவரிமுத்து ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்து, உண்மையான சந்தேகத்தோடு கேட்டார்: "அண்ணே, கவுத்த மரத்துல கட்டணுமா, ஏணியில கட்டணுமா? நோட்டீசுல எப்படிப் போட்டிருக்குது?"

நடமாட்டம் குறைந்தது

இந்தக் கதை எனக்கு முன்னாலேயே பஸ் பிடித்துக் கடலூர் வந்துவிட்டது. கலியமூர்த்தி பெல்ட் பேச்சையே விட்டுவிட்டார். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருவர் சட்டதிட்டம் எதுவும் இல்லாமல் வில் விற்க ஆரம்பித்தார். தகடு கிடையாது, நாண் ஒரு மழைக்குத் தாங்காது. ஆனால் பெல்ட் வாங்கச் சொல்லி யாரும் உயிரை எடுப்பதில்லை. கலியமூர்த்தியும் அங்கேயே மூன்று வாங்கிக்கொண்டார்.

சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தலாமா என்று எனக்கே சபலம் தட்டியது. ஒரு பகல் முழுக்க யாரும் வரவில்லை. அந்தக் கால் சாய்ந்த மனிதர் கயிறு இல்லாமல் ஏறுவதை நினைத்துக்கொண்டே இருந்தேன். "என்ன பாய் செய்யலாம்?" என்றேன். காதர் பாய் ஆணியில் வரிசையாகத் தொங்கிய பெல்ட்டுகளைப் பார்த்தார். "ஒண்ணும் செய்யாத மச்சான். வில்லு ஜாஸ்தி, பெல்ட்டு ஜாஸ்தி, கொள்கை அதைவிட ஜாஸ்தி. ஆள் ஒண்ணுதான் கொறச்சல்."

நான் இல்லாத போராட்டம்

கதிர் முற்றுகிற சமயம். ஒரு நாள் கலியமூர்த்தி உடைந்த ஹெட்லைட்டை மாற்றிய அதே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். முகம் கறுத்திருந்தது. "மூணு பெல்ட்டு குடு" என்றார். என் மூன்று வில்லையும் சேர்த்து எடுத்துப் போனார்.

விஷயம் மறுவாரம்தான் தெரிந்தது. சிதம்பரத்து வில்லின் நாண் மழையில் அறுந்து ஒருவர் கன்னத்தில் அடித்திருக்கிறது. அதோடு மூன்று பேரும் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். பெல்ட்டும் பழைய வில்லும் வந்தால்தான் மரம் ஏறுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். கோஷம் கிடையாது, கொடி கிடையாது. இரண்டு நாள் பன்றிகள் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கின்றன. மூன்றாம் நாள் முதலாளி வண்டியை எடுத்திருக்கிறார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் மனசுக்குள் ஒரு முள். பட்டறைக்கு வந்த சவரிமுத்துவிடம், "ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தா நானும் வந்து உட்கார்ந்திருப்பேனே?" என்றேன். அவர் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். "கூப்பிடலாம்னுதாண்ணே பேசிக்கினோம். நீங்க வந்தா பேச்சு நீளும், கதிர் முத்திப்போயிடும்னு நாங்களே முடிச்சிக்கினோம்."

கிளை

அந்தப் பருவத்தின் கடைசி வாரம், விடியற்காலையில் பலத்த காற்று. சவரிமுத்துவின் பரணைத் தாங்கிய கிளை முறிந்து பலகையோடு கீழே போனது. அவர் போகவில்லை. கயிறு மேல்கிளையில் இருந்தது. சரியாக மரத்தில்தான் கட்டியிருந்தார். மற்ற இருவரும் ஏணியைக் கொண்டுவந்து சாய்க்கும்வரை பதினைந்து நிமிடம் காற்றில் தொங்கியிருக்கிறார். கீழே விழுந்த வில்லில் உருண்டை வைக்காததால் அதுவும் யாரையும் தொடவில்லை.

மூன்றாம் நாள் மகளைக் கூட்டிக்கொண்டு செம்மண்டலத்துக்கு வந்தார். இரண்டு காலாலும் நடந்து வந்தார். நான் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன். அந்தப் பெண் கும்பிட்டாள். அவரோ சட்டையைத் தூக்கி, இடுப்பைச் சுற்றிச் சிவந்து கிடந்த தழும்பைக் காட்டினார். "பாருங்கண்ணே இத. ஆள் தொங்குவான்னு தெரிஞ்சுதான தச்சீங்க? ரெண்டு வெரக்கடை அகலமா தச்சிருந்தா என்ன கொறஞ்சா போயிடுவீங்க?"

வாழ்நாளெல்லாம் நான் எழுப்பிய கோரிக்கைகளில் முழுசாக நிறைவேறியது இது ஒன்றுதான், அதற்கும் மூன்றாம் நாளே அகலம் போதாது என்று எதிர்க் கோரிக்கை வந்துவிட்டது.