பதினாறு நிமிடம் நாற்பத்தெட்டு வினாடி

கொழும்பில் நடந்த தெரிவுப் போட்டியில் சுபாஜினி ஐயாயிரம் மீற்றரைப் பதினாறு நிமிடம் நாற்பத்தெட்டு வினாடியில் ஓடி முதலாவதாக வந்தாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. நமுனுகுல தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து ஒரு பெண் தெற்காசியப் போட்டிக்குப் போகிறாள் என்று தோட்டமே பூரித்துக் கிடந்தது.

கடவுச்சீட்டு எடுக்கப் போன இடத்தில் அதிகாரி அவளுடைய அடையாள அட்டை இலக்கத்தைப் பார்த்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். பெண்களின் இலக்கத்தில் பிறந்த நாளோடு ஐந்நூறு கூட்டியிருக்கும். இவளுடையதில் கூட்டவில்லை. பிறப்புச் சான்றிதழை விரித்தார். சிங்களத்தில் எழுதிய அந்தத் தாளில், பால் என்ற இடத்தில் ஆண் என்றிருந்தது. பள்ளிக்கூடத்திலும் போட்டிகளிலும் எத்தனையோ பேர் வாங்கிப் பார்த்த தாள்தான். பிறந்த தேதியைத் தவிர வேறு வரியை ஒருவரும் படித்ததில்லை.

அணி புறப்பட இருபது நாள் இருந்தது. அவளைப் பயிற்றுவித்த பசறை ஆசிரியர் தேவதாசன், பதுளைக் கச்சேரி அலுவலகத்துக்கும் கொழும்புக்குமாக அவளைக் கூட்டிக்கொண்டு அலைந்தார். திருத்துவதற்கு ஐந்து மாதம் ஆகும் என்றார்கள். அவள் பெண்தான் என்று டாக்டர் எழுதித் தந்தால் முன்னதாகப் பார்க்கலாம் என்றும் சொன்னார்கள். அதற்கும் சம்மதித்தாள். மூன்று பேருக்கு முன்னால் உடுப்பைக் களைந்து நின்றாள். அறிக்கை கைக்கு வந்தபோது அணி விமானம் ஏறிவிட்டிருந்தது.

அங்கே தங்கம் வென்றவள் எடுத்த நேரம் பதினாறு நிமிடம் ஐம்பத்தேழு வினாடி. தேவதாசன்தான் போனில் சொன்னார்.

"ஒன் நேரத்துக்குத் தங்கம் கெடைச்சிருக்கும்மா."

"இத நீங்க சொல்லாம இருந்திருக்கலாம் சார்."

அன்று அவள் தாய் பெரியாயியிடம், அந்தப் பிறப்புச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரிடமாவது கேட்டிருக்கக் கூடாதா என்றாள்.

"எழுதத் தெரிஞ்சவங்க எழுதினாங்க. நான் கைநாட்டு வச்சேன்," என்றாள் பெரியாயி.

மூன்று மாதம் சுபாஜினி தாயோடு பேசவில்லை. தாய்மேல் பிழையில்லை என்று தெரியும். ஆனால் கோபப்படுவதற்கு எட்டுகிற தூரத்தில் வேறு யாரும் இருக்கவில்லை.

கதை தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. பீலியடிக்குக் குளிக்கப் போனால் மற்றப் பெண்கள் உடுப்பை வாரிக்கொண்டு ஒதுங்கினார்கள். தெமோதரையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, அந்த டாக்டர் கடுதாசியைக் கொஞ்சம் பார்க்கலாமா என்றார்கள். எழுந்து போகும்படி அவளே சொன்னாள்.

திருத்திய சான்றிதழ் ஒருவழியாக வந்தது. மறுவருடத் தெரிவில் ஓடினாள். கோட்டில் நின்றபோது பக்கத்திலிருந்த பெண்களின் கண்கள் தன் உடம்பில் மேய்வதாகவே அவளுக்குப் பட்டது. ஏழாவதாக வந்தாள். அதன் பிறகு ஓடவில்லை.

இப்போது முப்பது வயது. கொழுந்து பறிக்கிறாள். சென்ற வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பயிற்சி கொடுக்க ஆள் கேட்டார்கள். பழைய நேரத்துக்கு அத்தாட்சி வாங்கக் கொழும்புக்குப் போனாள். விளையாட்டுச் சங்க அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையாகவே உட்காரச் சொல்லி, ஏட்டைப் புரட்டிக் காட்டினார். அந்த வருடம் முதலிடத்தில், அன்று அவளுக்கு அறுபது மீற்றர் பின்னால் வந்தவளின் பெயர் இருந்தது. சிக்கல் வந்ததும் அவளுடைய ஓட்டத்தையே நீக்கிவிட்டார்களாம்.

அந்த வேலை வேறொருவருக்குப் போனது. அவர் ஓடியவர் அல்ல. மறுநாள் விடியலில் சுபாஜினி வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, கூடையோடு மலை ஏறினாள்.