பதினொரு நிமிடம் மூத்தவர்

என் அம்மாவுடன் ஒன்றாகப் பிறந்தவர் ஒரு மரப்பட்டறையில் வேலை செய்கிறார். கதவும் ஜன்னலும் செய்கிற பட்டறை. அங்கே அவருக்கு 'அரை நூல்' என்று பெயர். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். அதில் பாதி தப்பினாலும் அவர் விடமாட்டார். மற்றவர்கள் மரத்தூளையும் பசையையும் குழைத்து இடுக்கை அடைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவர் சட்டத்தைக் கழற்றி மறுபடி இழைப்பார். "கதவு மூடலன்னா திட்டு வாங்குறது நீங்களா, நானா?" என்று முதலாளியையே கேட்பார். முதலாளி அதற்குப் பிறகு அவர் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார்.

இருபத்து மூன்று வயதில் அவருக்கு ஒரு வரன் வந்தது. "பட்டறையை விடச் சொன்னாங்க. நான் அவங்களை விட்டுட்டேன்" என்பார். அடுத்து வந்தவர்களுக்கும் அதே கதிதான். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. கல்யாணமே வேண்டாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அப்பா வீட்டிலிருந்து என் அம்மாவைக் கேட்டு வந்தார்கள். மூத்தவள் இருக்க இளையவளை ஏன் கொடுக்கிறீர்கள், மூத்தவளுக்கு என்ன குறை என்று கேட்டுவிடுவார்களோ என்று தாத்தாவுக்கு உதறல். இரட்டைப் பிள்ளைகள்தானே, யாருக்குத் தெரியப்போகிறது? அம்மாவைக் காட்டி, "இவதான் மூத்தவ" என்று பச்சைப் பொய்யாக அடித்துவிட்டார். உண்மையில் அம்மாதான் பதினொரு நிமிடம் இளையவர்.

பொய்யைச் சொன்னவர் அத்தோடு நிம்மதியாகிவிட்டார். சுமந்தது அவர் மகள். பன்னிரண்டு வருடம், தனக்குப் பின்னால் பிறந்தவளை எல்லார் முன்னாலும் 'அக்கா' என்று கூப்பிட்டார். அப்பா அவரை 'வா, போ' என்றுதான் பேசுவார், மனைவியின் தங்கைதானே! நானும் 'சித்தி' என்று கூப்பிட்டு வளர்ந்தேன். கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொன்ன ஒரே காரணத்துக்காக ஒருத்தியைப் பிறந்த வரிசையிலேயே பின்னால் தள்ளியிருக்கிறார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது பத்து வயதில், ஒரு வீட்டுப்பாடத்தால்.

பள்ளியில் குடும்ப மரம் வரைந்துவரச் சொன்னார்கள். பிறந்த வரிசைப்படி இடமிருந்து வலமாக எழுத வேண்டும். ஒவ்வொருவருக்கும் பிறந்த தேதி, அதன் கீழே நான் அவரை எப்படிக் கூப்பிடுவேன் என்பது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் பெரிய தாளை விரித்தோம். நான் எழுத, பட்டறைக்காரர் நின்றபடியே குனிந்து கோடு போட்டார். பெரியப்பா, அப்பா, அத்தை என்று ஒரு பக்கம் மளமளவென்று முடிந்தது. அம்மா பக்கம் வந்ததும் எனக்குப் பென்சில் ஓடவில்லை.

"ரெண்டு பேருக்கும் ஒரே தேதியா இருக்கே. யாரை முதல்ல போடறது?"

"என்னைப் போடு. அவ சித்திதானே?" என்றார் அம்மா.

கோடு போட்டுக்கொண்டிருந்தவர் ஸ்கேலைக் கீழே வைத்தார்.

"இல்ல. என்னைப் போடு."

அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. "பிள்ளை பாடம் எழுதுது. இப்ப எதுக்கு இந்தப் பேச்சு?"

"பிள்ளை எழுதுறதாலதான் பேசறேன். உனக்காக நான் தலையாட்டினேன், சரி. அந்தப் பொய் என்னோட நிக்கட்டும். இவ கையால எழுத வைக்க மாட்டேன்."

சத்தம் கேட்டு அப்பா உள்ளறையிலிருந்து வந்தார். "என்ன தகராறு?"

"நான்தான் மூத்தவ. பதினொரு நிமிஷம். கல்யாணத்துக்காக மாத்திச் சொன்னாங்க."

அப்பா சிரித்தார். "இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? பதினொரு நிமிஷத்துல என்ன குடி முழுகிப்போச்சு?"

"ஒண்ணும் முழுகலைல்ல? அப்போ இன்னிலேருந்து என்னை 'வாங்க, போங்க'ன்னு பேசுங்க."

அப்பாவின் சிரிப்பு பட்டென்று நின்றது. "பன்னெண்டு வருஷமா எனக்குக் காது குத்தியிருக்கீங்க!" என்றவர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "நீயும் இதுக்கு உடந்தையா?"

அம்மா முந்தானையைக் கசக்கினார். அவருக்கு அப்பாவின் கோபம் என்றால் நடுக்கம்.

"கோபத்தை என்கிட்ட காட்டுங்க" என்று குறுக்கே வந்தார் பட்டறைக்காரர். "கட்டிக்க மாட்டேன்னு சொன்னது நான். அதுக்காக நான் யாருக்கும் இளைச்சவளும் இல்ல, இளையவளும் இல்ல. பாசமா இருக்கீங்க, பண்டிகைக்குத் துணி எடுக்கறீங்க, எல்லாம் சரி. அதெல்லாம் எனக்கு வேணாம். என் இடம் வேணும்."

அப்பா அம்மாவிடம்தான் கேட்டார். "நீ சொல்லு. யாரு மூத்தவ?"

அம்மா தாளைப் பார்த்தார். என் பென்சிலைப் பார்த்தார். 'நான்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீடு பழையபடி ஆகிவிடும். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். கூடப் பிறந்தவர் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அம்மா நிமிர்ந்தார். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை.

"முதல்ல ஒரு நாற்காலி எடுத்துப் போடுங்க. அக்கா எவ்வளவு நேரமா நின்னுக்கிட்டே இருக்காங்க."

அப்பா உள்ளே போய் ஒரு நாற்காலியை இழுத்துவந்து போட்டார். போடும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார்.

"காதுல விழலையே" என்றார் பெரியம்மா.

"உட்காருங்க" என்றார் அப்பா.