சனிக்கிழமைக் காது

“காது கேக்கலையே!” என்று வலது காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்துக்கொண்டு மரியோலா கவுண்டருக்கு மேல் குனிகிறாள். எதிரே நிற்கிற பையன், மாடிப்படி வரைக்கும் கேட்கிற குரலில் ஆங்கிலத்தில் ஹாட் டாக் கேட்டிருக்கிறான். பலனில்லை. சீஸ் உருகிய நீள ரொட்டியைக் கையால் காட்டுகிறான். மரியோலா முதுகைக் காட்டுகிறாள். இரண்டு விரலை நீட்டுகிறான். அவள் கடுகுச் சாஸ் பாட்டிலைத் துடைக்க ஆரம்பித்துவிடுகிறாள். கடைசியில், பின்னால் நிற்கிற சிறுமி பொறுக்கமாட்டாமல் போலிஷ் மொழியில் அதை எப்படிக் கேட்பதென்று அவன் காதில் ஓதுகிறாள். அவன் திக்கித் திணறி ஒப்பிக்கிறான். மரியோலாவுக்குச் சட்டென்று காது வந்துவிடுகிறது.

“அடடே, இதைக் கேக்கத்தானா இவ்வளவு கூத்து? முதல்லயே வாயைத் திறந்து சொல்லியிருந்தா சூடா தின்னிருக்கலாம்ல!”

சிகாகோவின் வடமேற்குப் பக்கத்தில், வார நாட்களில் வேறு யாருக்கோ பள்ளிக்கூடமாக இருக்கிற கட்டிடம் அது. சனிக்கிழமை மட்டும் வாடகைக்கு எடுத்து, போலந்துக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு மொழியும் வரலாறும் பூகோளமும் சொல்லித்தருகிறார்கள். வகுப்புகள் எல்லாம் மேலே. நிலவறையில் மரியோலாவின் தின்பண்டக் கவுண்டர். “மேல காலையிலேருந்து கத்திக்கத்திச் சொல்லித்தர்றதை, கீழ ஒரு இடைவேளையில நான் வாங்கிடறேன்” என்பாள். ஆசிரியைகள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். ஆனால் ஒருத்தியும் மறுத்துப் பேசியதில்லை.

பிள்ளைகள் லேசுப்பட்டவர்களா? டிமெக் என்று எட்டாம் வகுப்புக்காரன் ஒருத்தன், நல்ல போலிஷ் பேசுகிறவன், இதையே ஒரு தொழிலாக்கினான். போலிஷ் வாயில் வராத பையன்களுக்கெல்லாம் அவனே வரிசையில் நின்று கேட்டு வாங்கிக் கொடுப்பான். ஒவ்வொரு ஹாட் டாக்கிலும் முதல் கடி அவனுடையது. அவன் கன்னம் உப்புவதைப் பார்த்துத்தான் மரியோலாவுக்குச் சந்தேகம் வந்ததாம். அன்றிலிருந்து புதுச் சட்டம்: எவன் தின்கிறானோ அவனே கேட்க வேண்டும். டிமெக் இளைத்துப்போனான்.

அதற்காக அவளை அரக்கி என்று நினைத்துவிடக் கூடாது. முதல் வகுப்புப் பொடிசுகளிடம் அவளே குனிந்து, வாயசைத்து, ஒவ்வொரு வார்த்தையாக ஊட்டிவிடுவாள். “என் கவுண்டர்லேருந்து பசியோட ஒரு பிள்ளை மேல ஏறிப் போச்சுன்னு எவளாவது சொல்லட்டும், பார்ப்போம்” என்று இடுப்பில் கை வைப்பாள். அகலமான பெண்மணி. செம்புச் சாயம் போட்ட முடியை உச்சியில் அள்ளிக் கொண்டை போட்டிருப்பாள். விரல் நுனிகளெல்லாம் வெடித்திருக்கும். அது கழுவு மருந்தின் வேலை. மற்ற நாட்களில் புறநகர்ப் பக்கம் வீடு துடைக்கப் போகிறாள். அங்கே எல்லாம் ஆங்கிலம்தான். வீட்டுக்காரிகள் மாடியிலிருந்து முணுமுணுத்தாலும் அவள் காதில் விழும்.

“வாரம் பூரா அவங்க பாஷைக்குத் தலையாட்டறேன். சனிக்கிழமை ஒரு நாளாவது என் காது எனக்குச் சொந்தம்” என்பாள்.

பெற்றோர் குழுத் தலைவி இஸபெலா ஒருமுறை இறங்கி வந்து சொல்லிப் பார்த்தாள். “மரியோலா, ஒரு அம்மா ஃபோன் பண்ணி மூக்கைச் சிந்தறாங்க. அவங்க பையன் கீழ வரவே பயப்படறானாம். கொஞ்சம் விட்டுக்கொடுங்களேன்.”

“தாராளமா விட்டுக்கொடுக்கலாம். அப்படியே வாசல்ல இருக்கற போலிஷ் ஸ்கூல் போர்டையும் கழட்டிட்டு ஹாட் டாக் கடைன்னு எழுதிடுங்க. ஊரெல்லாம் அதான இருக்கு? அதுல நமக்கும் ஒண்ணு!”

“நான் அப்படிச் சொல்லலைங்க...”

“நீங்க சொல்லலை. ஆனா அங்கதான் போய் முடியும்.”

சமாதானம் பேச வந்த இஸபெலா ரொட்டி ஒன்று வாங்கிக்கொண்டு மேலே போனாள். அவளும் போலிஷில்தான் கேட்க வேண்டியிருந்தது.

வீட்டிலும் மரியோலாவுக்கு இதே சட்டம்தான். வினை அங்கேதான் வந்தது. ஒரே மகன் கொன்ராட். மேலே கடைசி வகுப்பில் படிக்கிறான். கார் ஓட்டுகிற வயசு. அவனுக்குப் போலிஷ் தெரியாதா என்றால், தெரியும். சின்ன வயசில் வாய் ஓயாமல் பேசியவன்தான். ஆனால் பேசுகிற ஒவ்வொரு வாக்கியத்தையும் அம்மா பாதியில் பிடித்து நிறுத்துவாள். “அப்படி இல்ல. திருப்பிச் சொல்லு.” மைதானத்தில் கோல் போட்டதை ஓடி வந்து சொல்ல வருவான். வாக்கியம் திருந்தி முடிவதற்குள் அந்த கோல் ஆறி அவலாகிவிடும். பிறகு அவன் ஆங்கிலத்துக்கு மாறினான். அம்மா காதில் கையை வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அவளிடம் அவன் எந்த மொழியிலும் பேசவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிடுவான்.

புருஷன் ஸ்டாஷெக் லாரி ஓட்டுகிறவன். பாதி மாதம் நெடுஞ்சாலையிலேயே போய்விடும். அம்மாவுக்கும் மகனுக்கும் நடுவில் அவன்தான் தபால்காரன். “பையனுக்குப் பசிக்குதான்னு கேளுங்க” என்று சமையலறையிலிருந்து, அவன் லாரி ஓடிக்கொண்டிருக்கிற நெப்ராஸ்காவுக்கு ஃபோன் போகும். நெப்ராஸ்காவிலிருந்து, சமையலறைக்குப் பக்கத்து அறைக்கு ஃபோன் போகும். சுவருக்கு அந்தப் பக்கம் மகன் முணுமுணுப்பது இவளுக்கே கேட்கும். ஆனாலும் நெப்ராஸ்காவிலிருந்து பதில் வந்தால்தான் தட்டை எடுத்து வைப்பாள்.

ஸ்டாஷெக் அலுத்துக்கொள்வான். “ஏண்டி, நடுவுல நான் எதுக்கு? அவன் இங்கிலீஷ்ல கேட்டா நீ ஒரு வார்த்தை பதில் சொன்னா என்ன, நாக்கு தேஞ்சா போயிடும்?”

“ஒரு தரம் சொல்லிட்டா அவ்வளவுதான். அப்புறம் அவன் வாயில நம்ம வார்த்தை ஒண்ணுகூட வராது. அவனுக்குப் பொறக்கற பிள்ளைக்கு நம்ம பேரையே சொல்ல வராது.”

“இப்ப மட்டும் வருதா? உன்கிட்ட அவன் பேசியே எத்தனை காலமாச்சு?”

மரியோலா மகனின் கதவுக்கு வெளியே துணிக் கூடையோடு நின்று, அவன் அப்பனோடு ஃபோனில் சிரிப்பதைக் கேட்டிருக்கிறாள். புருஷன் மேல் பொறாமையாக வரும். மகனின் குரல் எப்போது இவ்வளவு கனத்தது, யாரைக் கேட்டு உடைந்தது என்று தோன்றும். கதவைத் தட்டலாம். தட்டி என்ன சொல்வது? அவன் ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டுவிட்டால் என்ன செய்வது? பிடித்த பிடியை விட அவளுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. இரண்டாம் இடைவேளை, வரிசை மாடிப்படி வரைக்கும் நீண்டிருந்தது. இந்தக் கவுண்டர் பக்கமே தலைகாட்டாத கொன்ராட், படிகளைத் தாவித் தாவி இறங்கி வந்தான். வரிசையைப் பிளந்துகொண்டு முன்னால் வந்து நின்றான். மூச்சு வாங்கியது. ஆங்கிலத்தில் சொன்னான்:

“அம்மா, அப்பாவோட லாரி சறுக்கிடுச்சு.”

வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு அதில் பாதிதான் காதில் விழுந்தது. பெரிய பையன் ஒருத்தன் அம்மாவிடமே ஆங்கிலத்தில் மாட்டிக்கொண்டான் என்று அவர்களுக்கு ஒரே குஷி. எல்லோருமாகக் காதில் கையை வைத்துக்கொண்டு, ஒரே குரலில், “காது கேக்கலையே!” என்று கத்தினார்கள்.

மரியோலாவின் கை காதுக்குப் போகவில்லை. கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டாள். குறுக்கும் நெடுக்குமான ஆங்கிலம். வீட்டுக்காரிகளிடம் வாளியும் துணியும் கேட்டுப் பழகிய ஆங்கிலம்.

“எங்கே ஆஸ்பத்திரி? உயிர் இருக்குது அவரு?”

பிள்ளைகள் காதிலிருந்து கையை எடுத்தார்கள். இந்த ஆன்ட்டிக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதே அவர்களுக்கு அன்றுதான் தெரியும்.

“இருக்கார்மா. உயிருக்கு ஒண்ணுமில்ல. அயோவால, பனியில வண்டி பள்ளத்துல இறங்கிடுச்சு. முகம் ஸ்டியரிங்ல மோதி தாடை உடைஞ்சிருக்கு. கம்பி போட்டுக் கட்டிட்டாங்க. கொஞ்ச நாளைக்குப் பேச முடியாதாம். அப்பா ஃபோன்ல கடைசியா பேசின நம்பர் என்னோடதுன்னு நர்ஸ் எனக்குப் போட்டாங்க.”

மரியோலாவின் ஃபோன் சேமிப்பறையில், கோட்டுப் பையில் கிடந்தது. சனிக்கிழமையானால் அதன் வாயையும் அவள் அடைத்துவிடுவாள்.

சத்தம் கேட்டு இறங்கி வந்த இஸபெலா மரியோலாவின் ஏப்ரனை அவிழ்த்துத் தான் கட்டிக்கொண்டாள். “கிளம்புங்க, நான் பார்த்துக்கறேன்.” அவர்கள் கார் வரைக்கும் போன பிறகு, பின்னாலேயே ஓடி வந்து, ஆசிரியைகளின் காபிக்காகக் கொண்டு வந்திருந்த கசகசா கேக்கைத் தாளில் சுற்றி ஜன்னல் வழியாக மரியோலாவின் மடியில் போட்டாள். “வழியில ஏதாவது வாயில போட்டுக்கங்க. காலி வயித்தோட கவலைப்படாதீங்க.”

கொன்ராட் ஓட்டினான். சாலையின் இரண்டு பக்கமும் பனி மூடிய சோளக் காடு. ரொம்ப தூரத்துக்கு இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் இருவரும் ஃபோன் போடுகிற ஆள், தாடையில் கம்பியோடு படுத்திருக்கிறான்.

முதலில் மரியோலாதான், முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, போலிஷில் பேசினாள். “முட்டைக்கோஸ் சூப் வெச்சிட்டு வந்தேன். பெரிய பாத்திரம். நீ இன்னும் கொஞ்சம் வேணும்னு கேட்டியாமே. உங்கப்பா சொன்னார்.”

கொன்ராட் திரும்பிப் பார்த்தான். “நானா?” என்றான் ஆங்கிலத்தில். “எனக்கு அந்த சூப் கண்ணுல காட்டினாலே ஆகாதும்மா. நீ அழுதுக்கிட்டே வெச்சேன்னு அப்பா சொன்னார். அதனாலதான் சாப்பிடறேன்.”

“நான் எதுக்குடா அழணும்? முட்டைக்கோஸுக்கா?”

“அப்ப என் ஷூவைத் தூக்கிக் குப்பையில போட்டதுக்கு நீ மன்னிப்புக் கேட்டதா சொன்னாரே?”

“மன்னிப்பா? அந்த நாத்தம் புடிச்ச ஷூவுக்கா? நீதான் பழசைத் தூக்கிப் போட்டதுக்கு நன்றி சொன்னேன்னு சொன்னார்!”

கொன்ராட்டின் தோள் குலுங்கியது. மரியோலா அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அந்த மனுஷன் அங்கே அடிபட்டுக் கிடக்கிறான், இவர்கள் இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

“அந்தத் தாடை சும்மா உடையலை” என்றாள் மரியோலா முகத்தைத் துடைத்துக்கொண்டு. “இத்தனை பொய்யைத் தாங்கணும்ல.”

சிரிப்பு அடங்கியது. கொன்ராட் சாலையைப் பார்த்தபடியே கேட்டான். “கிறிஸ்துமஸுக்கு முன்னாடி அப்பாகிட்ட ஒண்ணு சொல்லி, உன்கிட்ட சொல்லச் சொல்லியிருந்தேன். சொன்னாரா?”

“என்னது?”

“அப்ப சொல்லலை.” பெருமூச்சு விட்டான். ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு, யாரும் கேட்காமலே, போலிஷில் ஆரம்பித்தான். கல்லும் முள்ளுமான பாதையில் வெறுங்காலோடு நடக்கிறவன் மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக வைத்தான். அரிசோனாவில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் போகவேண்டும். எழுதிப் போட்டபோது தைரியமாகத்தான் இருந்தது. இப்போது பயமாக இருக்கிறது.

முதல் வாக்கியத்திலேயே இரண்டு தப்பு. அடுத்ததில் மூன்று. மரியோலாவின் முதுகு தானாக நிமிர்ந்தது. உதடு பிரிந்தது. ‘அப்படி இல்ல, திருப்பிச் சொல்லு’ என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவசர அவசரமாக மடியிலிருந்த தாளைப் பிரித்தாள். கேக்கை ஒரு கை அகலத்துக்குப் பிய்த்து, முழுசாக வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

கொன்ராட் அவள் வாய் திறந்ததைத்தான் பார்த்தான். பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, அடி வாங்கக் காத்திருக்கிறவனைப் போலக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டான்.

மரியோலா மென்றாள். உதட்டிலும் மோவாயிலும் கசகசா ஒட்டியிருந்தது. கன்னங்கள் இரண்டும் உப்பியிருக்க, கண்ணில் நீர் முட்ட, பேச வழியில்லாமல் வலது கையைத் தூக்கி, முன்னால் சுழற்றிச் சுழற்றிக் காட்டினாள்: ம், மேலே சொல்லு, மேலே சொல்லு.