அத்தை ஜாடை

என் உதட்டில் கடுகு தெறித்ததுபோல் கரும்புள்ளிகள் உண்டு. அப்பாவின் தங்கையான அத்தைக்கும் அப்படியே. பழங்காநத்தத்தில் எங்கள் தெருவே என்னை அத்தை ஜாடை என்றது. அத்தை அழகி என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அத்தைக்கு அடிக்கடி வயிறு வலிக்கும். வலித்தால் அப்பா அவளைச் செல்லூரில் தொக்கம் எடுக்கும் அம்மாவிடம் அழைத்துப் போவார். குடலில் சிக்கிக்கொண்ட சாப்பாடுதான் தொக்கம். அந்த அம்மா வயிற்றை நீவி, வாய் வைத்து உறிஞ்சி, ஒருமுறை சோற்றுப் பருக்கையும் மறுமுறை புளியங்கோதும் துப்பிக் காட்டினார். அத்தைக்குப் புளியே ஆகாது. அதை யாரும் யோசிக்கவில்லை.

நான் நாலாம் வகுப்பு படித்த வருடம், மூன்றாவது தடவை தொக்கம் எடுத்தும் வலி நிற்காமல் அத்தை பச்சையாக வாந்தி எடுத்தாள். ஆட்டோ நேராக ஆஸ்பத்திரிக்குப் போனது. ஆபரேஷன் முடிந்ததும் டாக்டரம்மா ஒரு தட்டைக் கொண்டுவந்து காட்டினார். அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். காலிஃப்ளவர் துண்டுகள் மாதிரி நாலைந்து கட்டிகள்.

“இந்தக் கட்டி இழுத்து, குடலுக்குள்ள குடல் போய்ச் சொருகிருச்சு. அழுகுன இடத்தை வெட்டிட்டு மிச்சத்தைச் சேத்துத் தச்சிருக்கோம். இன்னும் ஒருநாள் விட்டிருந்தா ஆளு தங்கியிருக்காது.”

அப்பா தட்டையே பார்த்தார். “இம்புட்டுப் பெருசா இருந்தா அந்தம்மா எப்பிடி உறிஞ்சும்?” என்றார். அன்றைக்கும் அவருக்கு அது தொக்கம்தான்.

மூன்றாம் நாள், அத்தையிடம் வியாதியை விளக்கிவிட்டு வராந்தாவுக்கு வந்த டாக்டரம்மா என்னைக் கண்டதும் நின்றார். மோவாயைப் பிடித்து, உதட்டை விரித்துப் பார்த்தார்.

“நான் எங்க அத்தை ஜாடை,” என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. அப்பாவிடம் திரும்பி, “நீங்களும் வாயைத் தொறங்க,” என்றார். கன்னத்தின் உட்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தார். முறுக்கு மீசை வைத்த அப்பா வாயைப் பிளந்துகொண்டு நின்றதில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“உங்களுக்கும் புள்ளி இருக்கு. உதட்டுல வயசாக ஆக மங்கிரும், உள்ள மங்காது. இந்தப் புள்ளி இருந்தா குடல்லயும் அந்தக் கட்டி வரும், இது குடும்பத்துல வர்றது. உங்க ரெண்டு பேர் குடலையும் கேமரா விட்டுப் பாக்கணும்,” என்றார். பின்னாளில் அந்தக் கேமரா எனக்கு நன்றாகவே பழகிவிட்டது. அன்றைக்குக் காதில் விழுந்தது குடும்பம் என்பது மட்டுந்தான்.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் அத்தையிடம் ஓடினேன்.

“அத்தே, அப்பாவுக்கும் வாய்க்குள்ள புள்ளி இருக்காம்! நம்ம மூணு பேருக்கும் ஒண்ணுதானாம்!”

மூன்று நாளும் முனகாமல் கிடந்தவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். தையல்தான் வலிக்கிறது என்று நினைத்து, கையை உருவிக்கொண்டு நர்ஸைக் கூப்பிட ஓடினேன்.