கோவளத்துக்குக் கிழக்கே ஒரு துளை

1987 ஜூன் 12, வெள்ளிக்கிழமை. நான் லண்டனுக்குப் படிக்கப் புறப்பட்ட அன்று, மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வழியனுப்ப வந்தவர்களில் தாம்பரத்து ஜெராக்ஸ் கடை லோகநாதனும் இருந்தார். கையில் செய்தித்தாள் சுற்றிய ஒரு குழல்.

"முருகர் காலண்டர் பாப்பா. அங்க என் தம்பி ஏகநாதன் வந்து வாங்கிக்குவான். மடங்காம எடுத்துகினு போ."

ஜூன் மாதத்தில் யார் காலண்டர் அனுப்புவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. சாமி படத்துக்கு மாதம் ஏது? வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்து, லண்டனில் ஏகநாதன் கையில் கொடுத்தேன்.

பம்மலில் எங்கள் அடுத்த வீட்டு ஹனீஃபா வரவில்லை. ஜும்ஆ தொழுகை நேரம். எனக்கு அவர் பாய் மாமா. டேனரி ஒன்றில் தோல் தரம் பிரிப்பது அவர் வேலை. கண்ணைவிட விரலைத்தான் நம்புவார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி, அப்போது இன்னும் எரிந்துபோகாத மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளுக்குப் போவார். செம்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த பழைய வரைபடங்கள் கிடைத்தால் வாங்கிவருவார். அப்படிச் சேர்ந்தவை பதினொன்று. ஆங்கிலம் படிக்கத் தெரியாது. தாளின் ஓரத்தில் தகடு அழுந்திய பள்ளத்தைத் தடவிப் பார்ப்பார். பள்ளம் இருந்தால் அசல்.

அவற்றில் அவருக்கு உயிர், சோழமண்டலக் கரையின் படம். இருநூறு வருஷத்துத் தாள். கோவளத்துக்குக் கிழக்கே, கடலில், பூச்சி அரித்த ஒரு துளை. "கப்பல் முழுகின எடம்" என்பார்.

நான் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு லோகநாதன் அதை லேமினேஷன் போடக் கேட்டார். அவரும் ஹனீஃபாவும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

"மார்க் ஷீட்டு, தாத்தா போட்டோ, எல்லாத்துக்கும் போட்டாச்சு. உன் படத்துக்கு மட்டும் இன்னா மச்சான் கெத்து? மீதியையும் பூச்சி துன்னட்டுமா?"

பிளாஸ்டிக்குக்குள் திரும்பி வந்த படம் அவர் விரலுக்கு எட்டவில்லை. "ஆசையா செஞ்சிட்டான். இன்னா சொல்றது?" என்று சுவரில் மாட்டிவிட்டார்.

ஏதேதோ ஊர்களில் அலைந்துவிட்டு 1994-ல் திரும்பினேன். மறுநாளே அவர் வீட்டுக்குப் போய், கப்பல் முழுகின இடத்தைப் பார்க்கும் ஆசையில் அந்தப் படத்தைக் கழற்றி ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தேன். துளை வழியாக வெளிச்சம் வரவில்லை. அங்கே இருந்தது ஒரு கறுப்புப் புள்ளி.

"மாமா, இது ஜெராக்ஸ்."

எனக்குக் குழல் ஞாபகம் வந்தது. சொன்னேன்.

"அந்தக் காலண்டர் எவ்ளோ அகலம்?"

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன். அவர் படத்தை என் கைகளுக்கு நடுவே வைத்தார். அளவெடுத்தாற்போல் நின்றது.

"அவன் குடுத்தான். நீ கொண்டுபோய் சேத்த."

"எனக்குத் தெரியாது மாமா."

"தெரியாதுதான்."

அன்று சாயங்காலமே தாம்பரம் கடைக்குப் போனோம். படத்தை மேஜைமேல் வைத்தார்.

"மச்சான், கப்பல் முழுகின எடத்தக் காணோம்."

லோகநாதன் குனிந்து பார்த்தார். "ஒரு பழைய பேப்பருக்கா இவ்ளோ பேஜார்? எங்கிட்ட இன்னா கேக்கற? கொண்டுகினு போனது பாப்பா. அத்தக் கேளு."

குழலைப் பற்றி நாங்கள் வாயே திறந்திருக்கவில்லை. ஹனீஃபா அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். படத்தை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார்.

அதற்கப்புறமும் நான் போனால் டீ கொடுப்பார், ஊர்க்கதை பேசுவார். கட்டிலுக்கு அடியில் இருந்த மற்றப் பத்துப் படங்களை மட்டும் என் முன்னால் எடுத்ததே இல்லை.

1998 பொங்கலுக்கு ஏகநாதனிடமிருந்து எனக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. உள்ளே நுணுக்கி எழுதியிருந்தார்: "அன்று நீ கொண்டுவந்த படம் நல்ல இடத்துக்குப் போய்விட்டது. பாயிடம் இன்னும் பத்து இருப்பதாக அண்ணன் சொன்னார். அடுத்த முறை வரும்போது அதே மாதிரி காலண்டர் என்று கொண்டுவா. உனக்குத்தான் பழக்கம் ஆயிற்றே."