மீன் எண்ணெய் வேண்டாம் என்று சொன்னவன்

போன வெள்ளிக்கிழமை என் தங்கை செல்லம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல சேதிதானே, சர்க்கரை எங்கே என்பீர்கள். ரேஷன் சர்க்கரை தீர்ந்துவிட்டது... எனக்குத் தெம்பும் தீர்ந்துவிட்டது.

மாப்பிள்ளை பட்டாளத்தில் குமாஸ்தா. அதனால் பிரசவம் தென்காசியில், என் வீட்டில். ஐந்தாம் மாதமே அவள் முகம் வெளுத்துப் பாதம் வீங்கிவிட்டது. யாருக்கும் தெரியாமல் திருநீற்றை அள்ளித் தின்றுகொண்டிருந்தாள்.

டாக்டரம்மா இமையை இழுத்துப் பார்த்தார். "ரத்தமே இல்லையே!" அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, என்னிடம் இரும்புச் சத்து மிக்ஸ்சர் எழுதிக் கொடுத்தார். கூடவே ஒரு புட்டியை எடுத்து வைத்தார் — மீன் எண்ணெய். தாய்க்குத் தெம்பு, பிள்ளைக்கு எலும்பு. யுத்தம் வந்த பிறகு கிடைப்பதே அபூர்வமாம்.

நான் யோசிக்கவே இல்லை. "நாங்க சைவம்மா" என்றேன். புட்டி அலமாரிக்கே திரும்பிப் போயிற்று.

தங்கையிடம் மூச்சு விடவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? சைவம் என்றால் சைவம்தானே?

ஏழாம் மாதம், சாரலில் நனைந்துகொண்டே மறுபடி போனோம். டாக்டரம்மா அவளிடமே கேட்டார்: "மீன் எண்ணெய் வேண்டாம்னு இன்னமும் பிடிவாதமா?"

"எந்த எண்ணெய்?" செல்லம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை.

"போன பிள்ளையக் குழிக்குத் தூக்கிட்டுப் போனது நீங்கதான அண்ணாச்சி? கையில கனமே இல்லன்னு வந்து அழுதிய. மறந்துட்டியளா? என் வயித்துல கெடக்க பிள்ளைக்கு வேணுமா வேண்டாமான்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன?"

அவள் டாக்டரம்மாவிடம் கையை நீட்டினாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு அங்கேயே ஒரு ஸ்பூன் விழுங்கினாள். உடனே வாந்தி. வாயைக் கொப்பளித்துவிட்டு இன்னொரு ஸ்பூன் கேட்டாள்.

குழந்தை சின்னதாகத்தான் பிறந்தது. ஆனால் வீறிட்டு அழுதது. செல்லம்மாள் இன்னும் எழுந்து நடமாடவில்லை. படுத்தபடியே பால் கொடுக்கிறாள்.

"ரெண்டு மாசம் முன்னாலயே குடுத்திருந்தா...?" என்று டாக்டரம்மாவைக் கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு நேரமில்ல" என்று அடுத்தவளைக் கூப்பிட்டார்.

பெண்கள் முன்னேற்றம் பற்றி இதே பக்கத்தில் எத்தனை வாரம் எழுதியிருப்பேன்! நீங்களும் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். இப்போது அதையெல்லாம் படிக்க எனக்கே அலுப்பாக இருக்கிறது.

வயிறு அவளுடையது, வாந்தி அவளுடையது — முடிவு மட்டும் என்னுடையதாம்!